குழந்தைக்கான கார் சீட்: எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும், ஏன்?

தங்கையின் குழந்தைக்குக் கார் சீட் வாங்குவதற்காக நாங்கள் ஒரு கடைக்குப் போயிருந்தபோது, விற்பனையாளர் முதலில் காட்டியது அதன் மெத்தையைத்தான். கட்டை விரலால் அதை அழுத்திக் காட்டி, "எவ்ளோ சாஃப்ட்டா இருக்கு பாருங்க மேடம், பொறந்ததுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இது ஒண்ணே போதும்" என்றார். குழந்தை எத்தனை கிலோ ஆகும் வரை இதில் பின்பக்கம் பார்த்து உட்காரலாம், இதைக் காரோடு எப்படிப் பிணைப்பது என்று கேட்டபோது அவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வாங்க வருபவர்களில் பலரும் மெத்தை, நிறம், விலை ஆகிய மூன்றை மட்டுமே கேட்டால் அவரும் அவற்றைத்தானே மனப்பாடம் செய்துவைத்திருப்பார்?

இந்தக் குழப்பத்திற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயரே. 'சீட்' என்ற சொல்லைக் கேட்டதும், வசதியாக உட்காரவைப்பதற்கான சிறு நாற்காலி ஒன்று நம் மனத்தில் வந்துவிடுகிறது. ஆனால் கார் சீட், கார் திடீரென்று நிற்கும் அந்த ஒரு நொடிக்காகச் செய்யப்பட்ட பிடிமானக் கருவி. அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்தச் சீட்டை வாங்குவது, எப்போது மாற்றுவது என்பவற்றில் பெரும்பகுதி தானாகவே தெளிந்துவிடும்.

கார் நின்றுவிடும், குழந்தை நிற்காது

மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் பேருந்து நிற்கிறது; நாம் மட்டும் போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே முன்னால் போகிறோம். பள்ளிப் பாடத்தில் இதற்கு நிலைமம் என்று பெயர் படித்திருப்போம்: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், வேறொன்று தடுத்து நிறுத்தும் வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். கார் எதன் மீதாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு பொழுதில் உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரையும் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் விசை, அவரவர் எடையைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு. 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், அந்தக் கணத்தில் 140 கிலோவைக் கையால் பிடித்து நிறுத்தியாக வேண்டும். அது ஏறக்குறைய மூன்று சிமெண்ட் மூட்டைகளின் எடை. அதுவும் தூக்கத் தயாராக நிற்கும்போது அன்று, எதிர்பாராத ஒரு கணத்தில் வந்து விழும் எடை. பாசம் எவ்வளவு இருந்தாலும் விரல்கள் விட்டுவிடும்.

"ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம்" என்பது அடுத்து வரும் பேச்சு. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடி அளவிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடிப் பால்கனியில் கைப்பிடிச் சுவர் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முன்னால் பாயும் பெரியவரின் முழு எடையும் முன் இருக்கைக்கும் தமக்கும் நடுவே அகப்பட்ட குழந்தையின் மீது இறங்கும். ஒரே பெல்ட்டைத் தம்மையும் குழந்தையையும் சேர்த்து மாட்டிக்கொள்வதும் இதே காரணத்தால் பேராபத்தானது.

சுருக்கமாக: மோதலின்போது கார் நின்ற பிறகும் குழந்தை போய்க்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய விசை கையால் தாங்கக்கூடியதன்று.

தடுக்கும் விசையை உடலின் எந்தப் பகுதி தாங்குகிறது?

மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஐந்து கிலோ காய்கறி வாங்கி வந்தால் கைப்பிடி விரலை அறுக்கிறது. அதே காய்கறியை அகலப் பட்டை வைத்த துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டினால் பெரிதாகத் தெரிவதில்லை. எடை மாறவில்லை, அது பரவும் பரப்பும், தாங்கும் இடமும்தான் மாறியிருக்கின்றன. கார் சீட்டின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்: தவிர்க்க முடியாத ஒரு விசையை எவ்வளவு அகலமாகப் பரப்புவது, எந்த எலும்பின் மீது இறக்குவது.

பெரியவர்களின் சீட் பெல்ட் இதை எலும்புகளைக் கொண்டு செய்கிறது. குறுக்குப் பட்டை தோள் எலும்பிலும் விலாக்கூட்டிலும் பதிகிறது. கீழ்ப் பட்டை இடுப்பெலும்பின் முன்விளிம்பில் கொக்கி போட்டதுபோல் நிற்கிறது. குழந்தைக்கு இந்த எலும்புகள் எவையும் இன்னும் அந்த வேலைக்குத் தயாராகவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது கழுத்து. பெரியவரின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ நான்கில் ஒரு பங்கு. நம் உடலில் அதே விகிதத்தில் ஒரு தலை இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தால் அதன் பளு புரியும். அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழு எலும்புகள் அல்ல; குருத்தெலும்பால் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள். அவை ஒன்றாக இறுகச் சில ஆண்டுகள் ஆகும். குழந்தை முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கையில் கார் மோதினால், பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அந்தத் தலை முன்னால் வீசப்படும்போது இழுபடுவது கழுத்தும் அதனுள் ஓடும் தண்டுவடமும்தான்.

பின்பக்கம் பார்த்து உட்காருவது ஏன்?

ரயிலில் எதிரெதிராக இருக்கும் இருக்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி வேகம் குறையும்போது, போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்கிறார். எதிரே, போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரோ தம் இருக்கையின் சாய்மானத்தோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறார்; கையிலிருக்கும் தேநீர் சிந்தலாம், தலை அசைவதில்லை.

பின்நோக்கிய கார் சீட் செய்வதும் அதையே. கடுமையான மோதல்களில் பெரும்பாலானவை காரின் முன்பக்கத்தில் நிகழ்பவை. அப்போது குழந்தையின் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், சீட்டின் ஓட்டில், அதாவது அதன் கெட்டியான வெளிக்கூட்டில், அமிழ்கின்றன. விசை முதுகு முழுவதும் பரவுகிறது. கழுத்து தனியாக இழுபடுவதில்லை. பின்னாலிருந்து வேறொரு வண்டி இடித்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பதுண்டு. அத்தகைய மோதலில் பெரும்பாலும் இரண்டு வண்டிகளும் ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பதால் அதன் கடுமை பொதுவாகக் குறைவு.

இந்த யோசனை புதியதன்று. ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் ஏவுதலின் விசையை முதுகால் தாங்கும்படி படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பின்நோக்கிய குழந்தைச் சீட்டின் முதல் மாதிரியை உருவாக்கினார். 1964-இல் அது ஒரு வோல்வோ காரில் சோதிக்கப்பட்டது. அந்த நாட்டில் குழந்தைகளை ஏறத்தாழ நான்கு வயது வரை பின்பக்கம் பார்த்தே உட்காரவைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அமெரிக்கக் குழந்தைமருத்துவர் கழகமும் 2018-இல், குறிப்பிட்ட வயதில் திருப்பிவிடலாம் என்ற பேச்சைக் கைவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும் வரை பின்நோக்கியே இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது.

நம் வீடுகளில் இது நேர்மாறாக நடக்கிறது. குழந்தையை முன்பக்கம் திருப்புவதை, அன்னம் ஊட்டுவது போலவும் காது குத்துவது போலவும், வளர்ச்சியின் ஒரு படியாக நினைத்து அவசரப்படுகிறோம். "கால் மடங்குகிறதே" என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். குழந்தைகள் சம்மணம் போட்டும் காலைத் தூக்கிச் சாய்மானத்தில் வைத்தும் வசதியாகவே இருக்கிறார்கள். கால் மடங்குவது திருப்புவதற்கான அடையாளமே அன்று. உண்மையான அடையாளங்கள் இரண்டுதான்: சீட்டுக்குக் குறித்த எடையைக் குழந்தை தாண்டியிருக்க வேண்டும், அல்லது அதற்குக் குறித்த உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். உயரத்திற்குப் பல சீட்டுகளில் சொல்லப்படும் அளவு, உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல்விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ. கூட மிச்சமில்லாத நிலை.

பின்நோக்கிய சீட்டைப் பொறுத்தவரை ஒரு தடை மட்டும் விலக்கில்லாதது. இயங்கும் நிலையில் ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் என்பது மோதலின்போது கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் காற்றுப் பை. அது விரியும் இடத்தில்தான் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓடு நிற்கும். முன் இருக்கையின் வெயில்மறைப்புத் தகட்டில் சிவப்பு வட்டத்துடன் ஒட்டியிருக்கும் படம் இதைத்தான் சொல்கிறது. பின் இருக்கையே குழந்தையின் இடம்.

சுருக்கமாக: பின்நோக்கி உட்காரும்போது விசையை முதுகு வாங்குகிறது, முன்நோக்கி உட்காரும்போது கழுத்து வாங்குகிறது. எவ்வளவு தாமதமாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது.

முன்பக்கம் திருப்பிய பிறகு

இந்தக் கட்டத்தில் குழந்தையைப் பிடித்திருப்பது ஐந்துமுனைப் பட்டை. இரண்டு தோள்கள், இரண்டு இடுப்புப் பக்கங்கள், கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடங்களில் தொடங்கி நடுவே ஒரே பக்கிளில் சேரும் பட்டை அது. இங்கே தலை முன்னால் வீசப்படும் தூரத்தைக் குறைப்பதுதான் முழுக் கவலையும். அதற்கு உதவுவது மேல்பட்டை: சீட்டின் தலைப்பகுதியிலிருந்து பின்னோக்கிச் சென்று, காரில் அதற்கென உள்ள வளையத்தில் மாட்டப்படுவது. சீட்டோடு அது வந்திருந்தும் மாட்டாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. கயிறு கட்டாத கூடாரம் போல் சீட்டின் தலைப்பகுதி முன்னால் சாய்ந்துவிடும்.

பூஸ்டர்: உயரம் கூட்டுவதற்கு அல்ல, இடுப்பெலும்புக்காக

பூஸ்டர் என்பது, காரின் சொந்தப் பெல்ட் சரியான இடத்தில் பதியும்படி குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை. அதில் தனிப் பட்டைகள் இருப்பதில்லை. வெளியே வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கும் என்பது உபரி லாபம்.

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு நேரடியாகப் பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டால், கீழ்ப் பட்டை தொடையின் மேல் நிற்காமல் வயிற்றில் ஏறிக்கொள்கிறது. இடுப்பெலும்பின் முன்விளிம்பு இன்னும் புடைத்து வளராததால் பட்டைக்குப் பிடி கிடைப்பதில்லை. மோதும்போது குழந்தை பட்டைக்கு அடியில் நழுவி, முழு விசையையும் குடலும் கல்லீரலும் வாங்குகின்றன. குறுக்குப் பட்டையோ கழுத்தில் உரசுவதால் குழந்தை அதைக் கைக்கு அடியில் தள்ளிவிடுகிறது. அப்போது மேலுடலைப் பிடிக்க எதுவுமே இல்லை.

பூஸ்டர் எப்போது தேவைப்படாமல் போகும் என்பதை வயதைவிட உயரமே தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு இத்தகைய பிடிமானம் கட்டாயம். பிரிட்டனில் 135 செ.மீ. உயரம் அல்லது 12 வயது. கனடாவின் ஒன்டாரியோவில் 145 செ.மீ., 36 கிலோ, 8 வயது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டும் வரை. வீட்டில் இதைச் சோதிக்க அளவுநாடாகூட வேண்டாம். குழந்தை முதுகு முழுவதும் சாய்மானத்தில் ஒட்டும்படி உட்கார வேண்டும். முழங்கால் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடங்க வேண்டும். கீழ்ப் பட்டை தொடை மேலும் குறுக்குப் பட்டை தோளின் நடுவிலும் நிற்க வேண்டும். பயணம் முழுவதும் அப்படியே உட்கார முடிய வேண்டும். தூங்கிச் சரிந்துவிடும் குழந்தை கடைசித் தேர்வில் தோற்றுவிடுகிறது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 2019 திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தைக்கான பிடிமானக் கருவியாலோ பாதுகாக்காமல் ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த 'சீட் பெல்ட்டாலோ' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பெல்ட்டை மாட்டிவிட்டால் சட்டம் திருப்தியடைந்துவிடும், இடுப்பெலும்பு திருப்தியடையாது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

சந்தையில் இரண்டு வகை அளவுமுறைகள் கலந்து கிடக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் 44-ஆம் எண் விதிப்படி வந்தவை குழந்தையின் எடையால் பிரிக்கப்பட்டவை: 13 கிலோ வரை, 9 முதல் 18 கிலோ, 15 முதல் 25 கிலோ, 22 முதல் 36 கிலோ. பின்னர் வந்த 129-ஆம் எண் விதி உயரத்தைக் கணக்கில் கொள்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையைச் சேர்க்கிறது. குறைந்தது 15 மாதம் வரை பின்நோக்கிய நிலையைக் கட்டாயமாக்குகிறது. பெட்டியில் 'ஐ-சைஸ்' என்று இருந்தால் அது இந்தப் புதிய விதியைச் சேர்ந்தது. இந்தியாவின் சொந்தத் தர எண் ஏ.ஐ.எஸ். 072. சீட்டின் ஓட்டில் ஒட்டியிருக்கும் சான்று முத்திரையில் இவற்றுள் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வடிகட்டல். இல்லாதது எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது வெறும் மெத்தைதான்.

கடைக்காரர் சொன்ன 'பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வயது வரை' சீட்டைப் பற்றி என் கருத்து இது. அவை எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய சீட்டில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பின்நோக்கி எத்தனை கிலோ வரை என்பதே. 36 கிலோ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே கையேட்டில், பின்நோக்கிய நிலைக்கு 13 கிலோ என்றோ 18 கிலோ என்றோ இருக்கும். அந்தச் சின்ன எண்தான் சீட்டின் உண்மையான மதிப்பு. பிறந்த குழந்தையின் உடல் அந்தப் பெரிய ஓட்டில் இடைவெளியின்றி அமைகிறதா, தோள்பட்டை போதிய அளவு கீழே இறங்குகிறதா என்பதையும் உட்காரவைத்துப் பார்த்துவிட வேண்டும்.

காரோடு பொருந்துகிறதா?

சீட்டைக் காரில் பிணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காரின் சீட் பெல்ட்டைச் சீட்டின் ஓட்டில் குறித்திருக்கும் பாதை வழியாகச் செலுத்திப் பூட்டுவது. மற்றொன்று ஐசோஃபிக்ஸ்: பின் இருக்கையின் சாய்மானமும் அமருமிடமும் சந்திக்கும் இடுக்கில், 28 செ.மீ. இடைவெளியில் காரின் சட்டத்தோடு இணைத்திருக்கும் இரண்டு இரும்பு வளையங்களில் சீட்டின் கொக்கிகளை நேரடியாகப் பூட்டும் முறை. ஐசோஃபிக்ஸ் இல்லாத கார் என்றால் பாதுகாப்பில்லை என்று பொருளில்லை. தவறாக மாட்டும் வாய்ப்பு அதில் குறைவு என்பதே அதன் பெருமை.

தவறு எவ்வளவு எளிது என்பதை அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் முதல் முறை மாட்டியபோதே கண்டுகொண்டோம். பெல்ட்டைச் செலுத்திப் பூட்டி, 'கிளிக்' சத்தமும் கேட்டுவிட்டது. பிறகு சீட்டைப் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் நான்கு விரற்கடை தூரம் பக்கவாட்டில் ஓடியது. ஒருவர் முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி முழு எடையையும் கொடுக்க, மற்றவர் பெல்ட்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே வர, மூன்றாவது முயற்சியில்தான் அது நின்றது; நடுவில் ஒரு முறை பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்ததையும் கவனிக்கவில்லை. பெல்ட் பாதையில் பிடித்து ஆட்டினால் எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்பதே அளவு.

குழந்தையை உட்காரவைத்த பின் இன்னொரு சோதனை. தோளெலும்புக்கு மேல் பட்டையை நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்கிடையே மடிப்பு கிடைத்தால் பட்டை தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பட்டை கிளம்பும் துளை, பின்நோக்கிய நிலையில் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். முன்நோக்கிய நிலையில் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். துண்டில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்துப் பட்டை மாட்டக் கூடாது. மோதலில் துணி அமுங்கி இடைவெளி உண்டாகும். முதலில் பட்டை, அதன் மேல் துண்டு. நம் வெயிலில் நிறுத்திய காரென்றால், உட்காரவைக்கும் முன் பக்கிளின் உலோகத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும் இந்த வரிசையில் சேர வேண்டியது.

உறவினர் கொடுக்கும் பழைய சீட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது விபத்தில் சிக்கியதில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால், கையேடும் எல்லாப் பட்டைகளும் இருந்தால், ஓட்டில் குறித்த ஆயுட்காலம் முடியாமல் இருந்தால் வாங்கலாம். கடுமையான மோதலைத் தாங்கிய சீட் கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தாலும் தன் வேலையை முடித்துவிட்டது. பிறந்த குழந்தையை வீட்டுக்குள்ளும் அதே சீட்டில் தூங்கவிடுவது வேண்டாம். தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் மடங்கக்கூடும். நெடும்பயணத்தில் அவ்வப்போது நிறுத்தி வெளியே எடுத்துவிடுவது நல்லது.

நாங்கள் கடைசியில் வாங்கியது, பின்நோக்கி 18 கிலோ வரை தாங்கும், மெத்தை சுமாரான ஒரு சீட். "பாவம் குழந்தை, எதுவும் தெரியாமல் சாய்மானத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறதே" என்று அம்மா முதல் ஆறு மாதம் வருந்திக்கொண்டிருந்தார். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. சம்மணம் போட்டுக்கொண்டு, பின்கண்ணாடி வழியே எங்களைத் துரத்திவரும் லாரிகளை எண்ணுகிறாள். எங்களில் யாருக்கும் தெரியாத அந்தக் கணக்கை, பக்கத்தில் உட்காரும் பாட்டிக்கு மட்டும் சொல்கிறாள்.